வாயைத் திறந்து பார்க்கும் ஊழியம்
வாய், உணவுக்குழாய், இரைப்பை நோய்களில் செவிலியர் பராமரிப்பு பற்றி ஒரு பாடம்



 இந்த இதழில் வாய், உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றில் நோயுற்றவர்களை நம் செவிலியர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சாப்ளின் அறையில் இருக்கும் நாங்கள் இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்ல. ஆகவே மருத்துவ விஷயங்களைச் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதுகிறோம். ஆனால் இந்தப் பாடத்தை நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது எங்கள் சொந்தத் தவறு ஒன்றின் மூலமாக. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் தவறு

பாண்டி பஜாரில் பல வருடம் தையல் தொழில் செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்குக் கட்டுப் போட நம்மிடம் வந்துகொண்டிருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு சிற்றாலயத்தில் நடக்கும் திருவிருந்து ஆராதனைக்கும் தவறாமல் வருவார். திடீரென்று ஒரு மாதம் அப்பம் வாங்க மறுத்தார். கைகளைக் குவித்து, "ஆசீர்வாதம் மட்டும் போதும் ஐயா" என்றார். அடுத்த மாதமும் அப்படியே. மனதில் ஏதோ பாவ உணர்வு உறுத்துகிறது, யாரோடோ ஒப்புரவாகாமல் இருக்கிறார் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். தனியே அழைத்து மூன்று முறை ஆலோசனை சொன்னோம். மன்னிப்பைப் பற்றி ஒரு பிரசங்கமே அவரை மனதில் வைத்துச் செய்தோம். பெரியவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்துக் கால் புண் அதிகமாகி அவரை ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள். பயிற்சி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு சிஸ்டர் அவருடைய கேஸ் ஷீட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். கால் நோயாளிதானே என்று விட்டுவிடாமல், "அப்பா, வாயைக் கொஞ்சம் திறங்க" என்றார். பெரியவரால் திறக்க முடியவில்லை. இரண்டு பல் வரிசைகளுக்கும் இடையே ஒரு விரல்தான் நுழைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தோல் வார் போல இறுகியிருந்தது. இடது பக்கம் பின்னால் ஒரு புண் இருந்தது.

தீபாவளிச் சீசனில் இரவெல்லாம் கண் விழித்துத் தைப்பதற்காக வாயில் அடக்கத் தொடங்கிய பாக்கும் புகையிலையும் நாற்பது வருடம் அவரை விடவில்லை. அப்பத்தை வாயில் இட முடியாததையும், இட்டாலும் எரிச்சல் தாங்காததையும் பீடத்தின் முன் சொல்ல அவருக்கு வெட்கம். நாங்கள் அவருடைய ஆத்துமாவை ஆராய்ந்துகொண்டிருந்தோம்; வாயைப் பார்க்கவில்லை. அந்த எட்டு மாதம் திரும்பி வராது. இதை எழுதும்போதும் எங்கள் மனம் கனக்கிறது.

வாயைச் சோதிப்பது எப்படி?

செவிலியர் பயிற்சியில் சோதனைக்கு இரண்டு பாகம் உண்டு. முதலாவது கேட்பது, இரண்டாவது பார்ப்பது.

கேட்க வேண்டியவை: சாப்பாடு எப்படி இறங்குகிறது? சோறு சிக்குகிறதா, தண்ணீருமே சிக்குகிறதா? முன்பு சாப்பிட்ட காரம் இப்போது எரிகிறதா? உடை தொளதொளத்துப் போகுமளவுக்கு எடை குறைந்திருக்கிறதா? வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, மது உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? சர்க்கரை உண்டா? பல் செட் உண்டா, அது பொருந்துகிறதா? பழக்கங்களைப் பற்றிக் கேட்கும்போது குற்றஞ்சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவீங்க?" என்று, போடுவது இயல்புதான் என்பதுபோலக் கேட்பார்கள்.

பார்க்க வேண்டியவை: கையுறை, டார்ச், நாக்கை அழுத்தும் தட்டை, கொஞ்சம் பஞ்சுத் துணி போதும். பல் செட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு உதடு, வாயோரம், ஈறு, இரு கன்னங்களின் உட்புறம், மேலண்ணம், தொண்டை என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும். நாக்கின் மேற்புறத்தை மட்டும் பார்ப்பது போதாது. நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இரு ஓரங்களையும், பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். புற்று பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவை. கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும் கட்டி தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. தயிர் ஒட்டியதுபோல் இருந்து, துடைத்தால் வந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சு மருந்து எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் இது வரும், மருந்தில் குணமாகும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டும், வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டும் புற்றுக்கு முன்னோடியாக இருக்கலாம். வாயோரம் வெடிப்பதும் நாக்கு வழுவழுப்பாகி வெளுப்பதும் இரும்புச் சத்து அல்லது பி வைட்டமின் குறைவைக் காட்டலாம். இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொரு எளிய சோதனை உண்டு. நோயாளி தம் நடு மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் கன்னச் சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். புகையிலை சேர்க்காத பாக்கு மட்டுமே இந்த இறுக்கத்தை உண்டாக்கும் என்பதை நம்மில் பலர் அறியோம். பாக்கு தன்னிலேயே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-ல் அரசு தடை விதித்தது. ஆனாலும் மறைவாக விற்பதும் வாங்குவதும் நின்றபாடில்லை.

இவ்வளவு சின்னச் சோதனையால் என்ன பயன் என்று கேட்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியானது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வெளிச்சமும், பழகிய கண்ணும், கேட்கும் பொறுமையும் போதுமாயிருந்தன.

வாயைப் பேணுவது எப்படி?

அந்தப் பெரியவரை நம் மருத்துவர்கள் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அனுப்பினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் கண்ட கனவு அது. 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிலையத்தை டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அவர்களும் டாக்டர் வி. சாந்தா அவர்களும் வளர்த்தார்கள். 2021-ல் மறையும்வரை டாக்டர் சாந்தா அம்மையார் அங்கேயே தங்கிச் சேவை செய்தார்கள். மிஷன் மருத்துவமனை அல்லாத ஓர் இடத்தில் இத்தகைய அர்ப்பணிப்பைக் காணும்போது, நன்மை செய்கிற வாஞ்சை எங்கும் விதைக்கப்பட்டிருக்கிறது என்று நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம்.

அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து பெரியவர் கால் புண்ணோடு மறுபடியும் நம் வார்டுக்கே வந்தார். கதிர்வீச்சுக்குப் பிறகு வாய் வெந்ததுபோல் ஆகும், உமிழ்நீர் வற்றும். அப்போது செவிலியர் செய்யும் பணி இது: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, சாப்பாட்டுக்குப் பின்னும் இடையிடையேயும் கொப்பளிக்க வைப்பார்கள். மிருதுவான பிரஷ்ஷால் பல் துலக்கிவிடுவார்கள். உதடு வெடிக்காமல் களிம்பு பூசுவார்கள். காரமும் புளிப்பும் கொதிக்கும் சூடும் இல்லாமல் கஞ்சி, மோர், மசித்த இட்லி, குழைந்த பருப்புச் சாதம் கொடுப்பார்கள். வலி மருந்து உண்டென்றால் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கொடுப்பார்கள். வலி தணிந்திருந்தால்தான் நாலு வாய் இறங்கும்.

முற்காலத்தில் எலுமிச்சையும் கிளிசரினும் கலந்து நோயாளியின் வாயைத் துடைப்பது வார்டுகளில் வழக்கமாக இருந்தது. மூத்த சிஸ்டர்களுக்கு அது நினைவிருக்கும். அது வாயை மேலும் உலர்த்திப் பல்லையும் அரிக்கும் என்று தெரிந்தபின் கைவிட்டார்கள். அன்பு மட்டும் போதாது, அறிவும் வளர வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நினைவில்லாத நோயாளியின் வாயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, பிழிந்த ஈரத் துணியால் வாயைத் துடைக்க வேண்டும். மரணப் படுக்கையில் இருப்பவருக்குப் பால் ஊற்ற வேண்டும் என்று உறவினர் கேட்பது நம் ஊர் வழக்கம். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், உதட்டைப் பாலில் நனைத்த பஞ்சால் ஒற்றச் சொல்லி நம் சிஸ்டர்கள் வழி காட்டுவார்கள். உறவினர் மனமும் ஆறும். நோயாளியும் மூச்சுத் திணற மாட்டார்.

விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் உணவு செலுத்துமுன் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வதும், தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், உணவுக்குப்பின் குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும், அரை மணி நேரமாவது படுக்க விடாமல் இருப்பதும் செவிலியர் பொறுப்பு. குழாய் வழியே சாப்பிடுகிறவருக்கு வாய் சுத்தம் தேவையில்லை என்று வீட்டார் நினைப்பதுண்டு. அது தவறு. மெல்லாத வாய் இன்னும் சீக்கிரமாக அழுக்குச் சேரும்.

நெஞ்செரிச்சலும் வயிற்றுப்புண்ணும்

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஜவுளி வாங்கியிராத சென்னைக் குடும்பம் அபூர்வம். அந்தக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். சீசன் நாட்களில் மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. நடுவே டீ. நாள் முழுவதும் நின்று கால் வலித்தால் மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அடிக்கடி போடும் வலி மாத்திரை இரைப்பையின் உட்சுவரை அரிக்கும் என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

அப்படி ஒரு பெண் பிள்ளை தலைசுற்றி விழுந்து நம்மிடம் கொண்டுவரப்பட்டாள். பல மாதமாக "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். மலம் என்ன நிறமாகப் போகிறது என்று சிஸ்டர் திரைக்குப் பின்னால் மெதுவாகக் கேட்டார். "தார் மாதிரி கருப்பா போகுதுக்கா" என்றாள். வெளியே சொல்லக் கூச்சம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அவளோ அது எதுவும் சாப்பிடவில்லை. ஆகவே மேல் வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று சிஸ்டர் உடனே மருத்துவருக்குத் தெரிவித்தார். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது.

வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் மட்டுமே வருகிறது என்றுதான் வெகு காலம் எல்லோரும் நம்பினோம். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பாதபோது, மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகி நிரூபித்தார். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக் மருந்துகளும் பெரும்பாலும் இரண்டு வாரம் கொடுக்கிறார்கள். வலி சீக்கிரமே நின்றுவிடலாம். அதோடு மருந்தை நிறுத்தினால் கிருமி எஞ்சிவிடும்; மருந்துக்கும் அடங்காததாகலாம். ஆகையால் மாத்திரை முடியும்வரை அந்தப் பிள்ளைக்கு நினைவூட்டும் வேலையையும் சிஸ்டர் ஏற்றுக்கொண்டார். இதே கிருமி பல வருடம் தங்கினால் இரைப்பைப் புற்றுக்கும் காரணமாகலாம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1980-களிலும் 1990-களிலும் ஆண்களிடையே முன்வரிசையில் நின்றது இரைப்பைப் புற்றுநோயே.

எண்டோஸ்கோப்பிக்கு முன் சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்து அடித்திருந்தால், விழுங்கும் உணர்வு திரும்பியதை உறுதி செய்தபிறகே தண்ணீர் கொடுப்பார்கள். "ஒரு வாய் காபி கொடுத்தால் என்ன சிஸ்டர்?" என்று கேட்கும் உறவினர்களுக்குக் காரணம் இதுதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் போன்ற மலம், விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, நிற்காத வாந்தி: இவை எதற்கும் வீட்டு வைத்தியம் பார்த்துத் தாமதிக்க வேண்டாம்.

நெஞ்சு அடைப்பதுபோல் இருந்து, வியர்வை, மூச்சுத் திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவையும் சேர்ந்தால் அதை "வாயுப் பிடிப்பு" என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பல் செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

முடிவாக

ஆண்டவர் பேச்சுத் தடைபட்ட ஒருவனைக் குணமாக்கியபோது, கூட்டத்திலிருந்து அவனைத் தனியே அழைத்துக்கொண்டுபோய் அவன் நாவைத் தொட்டார் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். இறையியல் கல்லூரியில் அந்தப் பகுதிக்கு நாங்கள் நீண்ட விளக்கம் எழுதியிருக்கிறோம். தனியே அழைத்துப்போவதும் வாயைத் தொடுவதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை, திரைக்குப் பின்னால் கையில் டார்ச்சோடு நின்ற ஒரு இளம் செவிலியரிடமிருந்துதான் விளங்கிக்கொண்டோம்.

பெரியவருக்கு இனி மென்று சாப்பிட முடியாது. பேச்சும் குழறும். அடுத்த முறை திருவிருந்துக்கு வந்தபோது, அப்பத்தின் சிறு துணுக்கைத் திராட்சரசத்தில் நன்றாக ஊறவைத்து, சிறு கரண்டியால் ஊட்டினோம். விழுங்கி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அதுவரை சபை காத்திருந்தது. முன்பு செய்த பிரசங்கத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "நான்தானே ஐயா சொல்லாம விட்டேன்" என்றார். கேட்காமல் விட்டது நாங்கள்.

இப்போது வார்டுச் சந்திப்புக்குப் போகும்போது, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்காமல் நாங்கள் ஜெபிக்கத் தொடங்குவதில்லை. எங்களுக்குத் தெரிந்த பதில் கிடைக்காவிட்டால் சிஸ்டரை அழைக்கிறோம்.

உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு டார்ச்சாகவும் கையுறையாகவும் மிருதுவான பிரஷ்ஷாகவும் ரைல்ஸ் டியூபாகவும் ஏழை நோயாளியின் கஞ்சியாகவும் மாறுகிறது. திறப்பு விழாவும் பெயர்ப் பலகையும் இல்லாத செலவு இது. ஆனால் உயிர் காக்கிற செலவு. தொடர்ந்து தாங்குங்கள். அதோடு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டில் வெற்றிலை பாக்குப் போடும் தாத்தா பாட்டி, புகையிலை அடக்கும் அண்ணன் தம்பி யாராவது இருந்தால், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அருகில் உட்காருங்கள். கடிந்து பேசாமல், "வாயைக் கொஞ்சம் திறங்க, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மூன்று விரலும் நுழைகிறதா என்று பாருங்கள். நாங்கள் தவறவிட்ட எட்டு மாதத்தை நீங்கள் தவறவிட வேண்டாம்.

கர்த்தருடைய பணியில் உங்களோடு,
மருத்துவமனை ஆன்மீகப் பணிக்குழு